ஆறு வயது, குரைக்காது

கால்நடை மருத்துவமனைச் சுவரில்
ஒட்டிய தாளில் அப்படித்தான் எழுதினேன்.
பெண் நாய். ஆறு வயது இருக்கலாம்.
குரைக்காது.

அடுத்த வரிக்குப் போகாமல்
பேனா கொஞ்ச நேரம் தாளின் மேலேயே நின்றது.
பெண் பார்க்க வருகிறவர்களிடம்
எதை முதலில் சொல்வது
எதைக் காப்பி கொடுத்தபின் சொல்வது என்று
அம்மாவும் சித்தியும் கிசுகிசுத்தது ஞாபகம் வந்தது.
எழுதிவிட்டேன்:
ரொம்பப் பயப்படும்.

போன்கள் வந்தன.
குட்டி இல்லையா என்றார் செம்மண்டலத்திலிருந்து ஒருவர்.
குரைக்காத நாய் எதுக்குங்க என்றார்
கோண்டூரில் வீடு கட்டி
மீந்த கம்பியும் ஜல்லியும் வாசலில் கிடக்கிற ஒருவர்.
ஒரு பெண் முழுதாய்க் கேட்டுவிட்டு
"பாவம்" என்று வைத்துவிட்டாள்.

சேமியா என்று பேர் வைத்திருந்தேன்.
வறுக்காத சேமியாவின் நிறம்.
சிப்காட் பக்கம், மூடிப்போன கம்பெனியின் கேட்டுக்குள்
கட்டிப்போட்டபடியே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.
கழுத்தில் சங்கிலி இருந்த இடத்தில்
இன்னும் முடி முளைக்கவில்லை.

ஹெல்மெட்டோடு ஆள் வந்தால் பீரோவுக்குப் பின்னால்.
மாடிப் பையன் கைலியை உதறிக் கட்டினால் பீரோவுக்குப் பின்னால்.
குக்கர் விசிலுக்குக்கூட இல்லை,
விசில் வரப்போகிறது என்கிற உஸ்ஸுக்கே.

துடைப்பம்தான் மோசம்.
முதல்நாள் நான் குனிந்து எடுத்ததும்
நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டாள்
கண்ணை மூடிக்கொண்டு.
அன்று பரணில் போட்டது.
ஏழு மாதம் ஈரத்துணியாலேயே தரையைத் துடைத்தேன்.

வீட்டுக்காரர் சித்திரை வரைக்கும்தான் என்றார்.
அவர்மேல் பழியைப் போட்டுக்கொள்ளலாம்.
ஆனால் பயத்தோடு ஒரே அறையில் குடியிருப்பது
களைப்பு.
டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்து வைத்து
என் வீட்டில் நானே
திருட வந்தவள் போல ஆகிவிட்டேன்.

அருட்பிரகாசம் சைக்கிளில் வந்தார்.
ஆல்பேட்டை. தனியாள்.
மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கிறவர்.
"இருபத்தாறு வருஷமா ஊர்ல உள்ள நாயெல்லாம்
என்னைப் பார்த்துத்தான் குரைக்குது மேடம்.
முதல் கடிக்குத் தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி.
குரைக்காதுன்னு போட்டிருந்துது, அதான்..."
முடிக்காமல் சிரித்தார்.

கையை நீட்டவில்லை, ச்சு ச்சு இல்லை.
பீரோவுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து
பையிலிருந்து வேர்க்கடலை எடுத்து உரித்தார்.
என்ன பேசுவதென்று தெரியாமல்
கரண்ட் பில் ஏன் எனக்கு இவ்வளவு வருகிறது என்று கேட்டேன்.
விளக்கினார். ஒரு மணி நேரம். புரியவில்லை.
"அடுத்த ஞாயித்துக்கிழமை வரேன்" என்றதை
என்னிடம் சொன்னாரா பீரோவிடமா.

மூன்றாவது ஞாயிறு மழை.
குடையைத் தெருமுனையிலேயே மடக்கிவிட்டு
நனைந்து வந்தார்.
நாலாவதில் ஒரு மூக்கு
வாசலில் அவர் விட்ட செருப்பருகே போய்
வெகுநேரம் படித்தது.
எத்தனை தெரு, எத்தனை கேட்,
எத்தனை நாய்களின் கையெழுத்து அதில்!
அவர் திரும்பிப் பார்க்கவில்லை.
கடலை உரிக்கிற கைமட்டும் நின்றுபோயிருந்தது.

என் பழைய நைட்டியைச் சுற்றி
ஆட்டோவின் சீட்டுக்கு அடியில் போனாள்.
கெடிலம் பாலத்தில் லாரி ஒன்று
ஹாரன் அடித்தபோது
எப்படி நடுங்கினாள் என்று அவர் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

கட்டிலுக்கு அடியிலதான் இருக்கு மேடம்.
சோறு ராத்திரி காலியாகுது, நான் பார்க்கலை.
இன்னிக்கு வால் மட்டும் வெளியே இருந்துது.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம்
மூச்சு வாங்கப் பேசினார்.
வேலை முடிச்சு வந்து கேட்டைத் தொறந்தேன்,
குரைச்சுது மேடம்! ஒரே ஒரு தடவை.
யாரைப் பார்த்து?
என்னைத்தான்,
வேற யாரை.

போனை வைத்துவிட்டுப்
பரணிலிருந்து துடைப்பத்தை இறக்கினேன்.
ஈர்க்குச்சிகளுக்கு நடுவே சிலந்தி கூடு கட்டியிருந்தது.
பீரோவுக்குப் பின்னால் வெளிர்மஞ்சள் முடி,
ரெண்டு கடலைத் தோல்.
வீட்டில் யாருமில்லை.
ஆனாலும் தரையில் படாததுபோல,
சத்தம் வராமல்
கூட்டிக்கொண்டிருந்தேன்.